ஸ்கிரிப்ட் ‘ஓகே’ என்கிறது, ஃபைல் திறக்க மறுக்கிறது

கேட்கப்பட்டது இதுதான். உபுண்டு சர்வர் ஒன்றில் /எஸ்ஆர்வி/அறிக்கை என்ற டைரக்டரியில் நாள்தோறும் ஃபைல்கள் வந்து விழுகின்றன. ‘ரிப்போர்ட்’ என்ற கணக்கில் ஓடும் சர்வீஸ் அவற்றைப் படிக்க வேண்டும். அந்தக் கணக்கை ‘டெவ்’ குரூப்பில் சேர்த்தாகிவிட்டது. இரவு 2 மணிக்கு ரூட்டின் (நிர்வாகிக் கணக்கு) க்ரானில் (நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் வசதி) ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட், ஃபைலைப் படிக்க முடிகிறதா, கணக்கு குரூப்பில் இருக்கிறதா என்று பார்த்து இரண்டுக்கும் ‘ஓகே’ என்று எழுதி வைக்கிறது. காலையில் வந்து பார்த்தால் சர்வீஸ் ‘பெர்மிஷன் டினைட்’ என்று நின்றுபோயிருக்கிறது. ஸ்கிரிப்டில் என்ன தப்பு?

கட்டளைகளைப் பக்கத்து சீட்டுக்காரருக்கு வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தில் மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

ரூட்டின் க்ரான் என்று படித்தவுடனேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது. ‘டெஸ்ட் -ஆர் ஃபைல்’ என்று எழுதினால் ஷெல் கெர்னலிடம், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியிடம், கேட்பது ‘நான் இதைப் படிக்கலாமா?’ என்றுதான். அந்த ‘நான்’ இங்கே ரூட். ரூட்டுக்குப் படிக்கவும் எழுதவும் கெர்னல் பெர்மிஷன் பிட்டைப் பார்த்துத் தடுப்பதில்லை. (பெர்மிஷன் பிட் என்பது உரிமையாளர், குரூப், மற்றவர் என்ற மூன்று இடத்துக்கும் தனித்தனியாக எழுதி வைத்த அனுமதி; எண்ணாக எழுதும்போது படிக்க 4, எழுத 2, ஓட்ட 1 என்று கூட்டிக்கொள்வார்கள்.) ஃபைலை 0000 என்று பூட்டி வையுங்கள், அப்போதும் ரூட்டின் ‘டெஸ்ட் -ஆர்’ ஆமாம் என்றுதான் சொல்லும். ஓட்டும் அனுமதிக்கு மட்டும் சின்ன விதிவிலக்கு உண்டு: மூன்று இடத்தில் எங்காவது ஒரு ‘எக்ஸ்’ பிட்டாவது இருந்தால்தான் சாதாரண ஃபைலை ரூட்டும் ஓட்ட முடியும். ஆக உங்கள் ஸ்கிரிப்ட் தன்னைப் பற்றித்தான் கேட்டது, தன்னைப் பற்றித்தான் பதிலும் வாங்கியது. ரிப்போர்ட்டைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்கவே இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். டைரக்டரி என்எஃப்எஸ் வழியாக (நெட்வொர்க்கில் வேறு சர்வரிலிருந்து) வந்து, அந்தப் பக்கம் ‘ரூட் ஸ்குவாஷ்’ போட்டிருந்தால், ரூட் அங்கே ‘நோபடி’ ஆகிவிடுவார். சாதாரணக் கணக்கு படிக்கிற ஃபைலை ரூட் படிக்க முடியாமல் முழிப்பார்.

சரியாகக் கேட்கும் வழி, அந்தக் கணக்காகவே மாறிக் கேட்பது: ‘சூடோ -யு ரிப்போர்ட் டெஸ்ட் -ஆர் பாதை’. ரூட்டிலிருந்து போவதால் பாஸ்வேர்டு கேட்காது. சூடோ இல்லாத மெஷினில் ‘ரன்யூசர் -யு ரிப்போர்ட் --’ போட்டு அதே டெஸ்டை எழுதலாம். பழக்கதோஷத்தில் ‘எஸ்யூ ரிப்போர்ட் -சி’ என்று எழுதிவிடாதீர்கள். சர்வீஸ் கணக்குகளுக்கு ஷெல்லாக ‘நோலாகின்’ வைத்திருப்பார்கள். எஸ்யூ அந்த ஷெல்லைத்தான் கூப்பிடும். அது ‘இந்தக் கணக்கு இப்போது கிடையாது’ என்று சொல்லி 1 என்ற எக்ஸிட் கோடோடு வெளியேறும். டெஸ்டும் ‘முடியாது’ என்பதற்கு அதே 1-ஐத்தான் தரும். ஸ்கிரிப்டுக்கு வித்தியாசம் தெரியாது. இதே காரணத்துக்காக, சூடோ போட்டாலும் முதலில் ‘சூடோ -யு ரிப்போர்ட் ட்ரூ’ என்று வெறுமனே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதுவே தோற்றால் கோளாறு கணக்கில் இருக்கிறது, ஃபைலில் அல்ல.

இந்த இடத்தில் பலர் வேறு வழிக்குப் போகிறார்கள். கணக்காக மாறுவானேன், ‘எல்எஸ் -எல்’ வெளியீட்டை எடுத்து எழுத்து எழுத்தாக வெட்டி, உரிமையாளர் யார், குரூப் எது, எந்த பிட் இருக்கிறது என்று ஸ்கிரிப்டே கணக்குப் போட்டால் ஆகாதா என்று. ஆகாது. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு நாற்பது வரி ஃபங்ஷன் எழுதிப் பெருமைப்பட்டவன்தான். அதில் இருந்த முதல் தப்பு, பிட்டுகளைக் கூட்டிப் பார்த்தது. ‘உரிமையாளராக முடியுமா, இல்லையென்றால் குரூப்பாக முடியுமா, இல்லையென்றால் மற்றவராக முடியுமா, எதிலாவது கிடைத்தால் சரி’ என்று எழுதியிருந்தேன். கெர்னல் அப்படிப் பார்ப்பதில்லை. கோவிலில் மூன்று வரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவர் உங்களைப் பார்த்து ஒரு வரிசையில் நிறுத்திவிடுவார். அந்த வரிசை மூடியிருந்தால் மூடியதுதான், பக்கத்து வரிசை திறந்திருக்கிறதே என்று தாவ முடியாது. நீங்கள் உரிமையாளர் என்றால் உரிமையாளர் பிட் மட்டும். இல்லை, ஃபைலின் குரூப்பில் இருக்கிறீர்கள் என்றால் குரூப் பிட் மட்டும். இரண்டும் இல்லை என்றால்தான் மற்றவர் பிட். 0604 என்று ஒரு ஃபைல் இருந்தால், குரூப்பில் இருப்பவர் படிக்க முடியாது, ஊரில் உள்ள மற்ற எல்லோரும் படிக்கலாம். வினோதமாக இருந்தாலும் குறிப்பிட்ட ஒரு குரூப்பை மட்டும் விலக்கி வைக்க இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

இரண்டாவது தப்பு ஏசிஎல், அதாவது தனித்தனிக் கணக்குக்கும் குரூப்புக்கும் கூடுதலாகக் கொடுக்கும் அனுமதிப் பட்டியல். எல்எஸ் வெளியீட்டில் பெர்மிஷன் எழுத்துகளின் கடைசியில் ஒரு ‘+’ இருந்தால், நடுவில் உள்ள மூன்று எழுத்துகள் குரூப்பின் அனுமதியைக் காட்டவில்லை, ‘மாஸ்க்’ எனப்படும் மேல்வரம்பைக் காட்டுகின்றன. 0640 என்று தெரியும், குரூப்புக்குப் படிக்கும் அனுமதி இருப்பது போலவே இருக்கும். ‘கெட்ஃபேசிஎல்’ போட்டுப் பார்த்தால் குரூப் வரியில் ஒன்றுமே இருக்காது, வேறு யாரோ ஒரு தனிக் கணக்குக்குக் கொடுத்த அனுமதிக்காக மாஸ்க் 4 என்று நிற்கும். ‘ஸ்டாட்’ கட்டளையை நம்பினால் இன்னும் மோசம், அது அந்த ‘+’ குறியைக்கூடக் காட்டாது. பிறகு ரீட்-ஒன்லியாக மவுண்ட் ஆன டிஸ்க், ‘சேட்டர் +ஐ’ போட்டு அசையாமல் பூட்டிய ஃபைல் என்று பட்டியல் நீளும். இவை எதுவும் அந்த ஒன்பது எழுத்துக்குள் இல்லை. கெர்னல் போடுகிற கணக்கை நாம் திரும்பப் போடுவது வீண் வேலை. கெர்னலிடமே கேட்டுவிட வேண்டும், அதுவும் சரியான ஆளாக நின்று கேட்க வேண்டும்.

இனி குரூப். ‘ஐடி -என்ஜி ரிப்போர்ட்’, இதில் ஜி பெரிய எழுத்து, அதன் வெளியீட்டில் ‘க்ரெப் டெவ்’ என்று தேடியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கணக்கு ‘டெவ்ஆப்ஸ்’ குரூப்பில் இருந்தாலும் இது ஆமாம் சொல்லும். ‘-டபிள்யூ’ போட்டால் முழுச் சொல்லாகத்தானே தேடும் என்று சேர்த்தால், ‘வெப்-டெவ்’ என்ற குரூப் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் க்ரெப்புக்கு நடுக்கோடு என்பது சொல்லின் எல்லை. பெயர்களை ‘டிஆர்’ கொண்டு வரிக்கு ஒன்றாகப் பிரித்து, ‘க்ரெப் -க்யூ -எக்ஸ் -எஃப்’ என்று, எஃப் பெரிய எழுத்தில், வரி முழுவதும் அப்படியே பொருந்துகிறதா என்று பாருங்கள். அலுவலகம் ஆக்டிவ் டைரக்டரி என்ற விண்டோஸ் கணக்குப் பதிவேட்டோடு இணைந்திருந்தால் ‘டொமைன் யூசர்ஸ்’ போல இடைவெளி உள்ள பெயர்கள் வரும், அப்போது பிரிப்பதும் உதவாது. பெயரை விட்டுவிட்டு எண்ணுக்குப் போய்விடுங்கள்: ‘கெட்என்ட் குரூப் டெவ்’ தரும் வரியில் மூன்றாவது புலம் குரூப்பின் எண், அதை ‘ஐடி’-யிடம் பெரிய ஜி மட்டும் போட்டு வாங்கிய எண்களோடு ஒப்பிடலாம்.

/இடிசி/குரூப் ஃபைலை நேராகத் திறந்து தேடுகிற ஸ்கிரிப்டுகளை இன்னும் பார்க்கிறேன். ஒருவரின் முதன்மைக் குரூப் அங்கே உறுப்பினர் பட்டியலில் இருக்காது, /இடிசி/பாஸ்வேர்டு ஃபைலின் நான்காவது புலத்தில் எண்ணாக இருக்கும். எல்டாப் போன்ற மையப் பதிவேட்டில் இருந்து வரும் குரூப்புகள் இரண்டிலுமே இருக்காது. ‘ஐடி’ எல்லாவற்றையும் சேர்த்துத் தருகிறது, அதையே கேளுங்கள்.

ஆனால் ‘ஐடி’-யிலும் ஒரு வழுக்கல் உண்டு. உங்கள் காலை நேரத்துத் தோல்விக்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ‘ஐடி ரிப்போர்ட்’ என்று பெயர் கொடுத்துக் கேட்டால், பதிவேட்டில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும். பெயர் இல்லாமல் வெறும் ‘ஐடி’ என்றால், ஓடிக்கொண்டிருக்கும் இந்த ப்ராசஸின் கையில் என்னென்ன குரூப் இருக்கிறது என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு. ஒரு ப்ராசஸ் லாகின் ஆகும் நேரத்தில், அல்லது சர்வீஸாகத் தொடங்கும் நேரத்தில், குரூப் பட்டியலை ஒருமுறை வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறது. அதன் பிள்ளைகளுக்கும் அதே பட்டியல்தான். பிறகு நீங்கள் பதிவேட்டில் எத்தனை முறை திருத்தினாலும் ஓடுகிற ப்ராசஸுக்குத் தெரியாது. ஃபைலைத் திறக்கும்போது கெர்னல் பார்ப்பது மடியில் உள்ளதைத்தான், பதிவேட்டை அது புரட்டுவதே இல்லை.

நீங்கள் கணக்கை டெவ் குரூப்பில் சேர்த்தபோது சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ரீஸ்டார்ட் செய்தீர்களா? செய்யவில்லை என்றால் ‘ஐடி ரிப்போர்ட்’ ஆமாம் சொல்லும், ‘சூடோ -யு ரிப்போர்ட்’ பதிவேட்டைப் புதிதாக வாசித்துக்கொண்டு போவதால் அதுவும் ஆமாம் சொல்லும், சர்வீஸ் மட்டும் மறுக்கும். மூன்றுமே தங்கள் வரையில் உண்மையைச் சொல்கின்றன. ஓடுகிற ப்ராசஸிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க அதன் பிஐடி எண்ணை (ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சிஸ்டம் தரும் எண்) எடுத்து /ப்ராக்/எண்/ஸ்டேட்டஸ் ஃபைலில் ‘குரூப்ஸ்’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அங்கே எண்களாகத்தான் இருக்கும். முதன்மைக் குரூப் அதற்கு மேலே ‘ஜிஐடி’ வரியில் இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். டெவ்வின் எண் இரண்டிலும் இல்லையென்றால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும், ஃபைலில் கை வைக்க வேண்டாம். பலர் இந்த இடத்தில் பொறுமையிழந்து டைரக்டரிக்கு 777 போட்டுவிடுகிறார்கள். உடனே வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து யார் எதற்காகப் போட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது.

மனிதர்களின் கணக்கிலும் இதே கதைதான். ‘லாக் அவுட் செய்து வாருங்கள்’ என்று சொன்னால் செய்துவிட்டு வந்து ‘இன்னும் அப்படியேதான் இருக்கிறது’ என்பார்கள். பின்னணியில் டிமக்ஸ் (லாக் அவுட் செய்தாலும் ஷெல்களை உயிரோடு வைத்திருக்கும் ப்ரோகிராம்) ஓடிக்கொண்டிருக்கும். அதன் சர்வர் ப்ராசஸ் போன வாரம் தொடங்கியது, புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலும் அதன் பழைய பட்டியலைத்தான் வாங்கிக்கொண்டு பிறக்கும். டெஸ்க்டாப்பில் டெர்மினலைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி யூசர் மேனேஜரும், வேறு செஷன் ஏதாவது உயிரோடு இருந்தால் சாகாமல் இருக்கும். அந்த ஒரு ஷெல்லுக்கு மட்டும் உடனடியாக வேண்டுமென்றால் ‘நியூஜிஆர்பி டெவ்’ என்று தட்டலாம், புதிய குரூப்போடு ஒரு புதிய ஷெல் கிடைக்கும்.

இந்தப் பழைய பட்டியல் ஒருமுறை என்னைக் காப்பாற்றியும் இருக்கிறது. கணக்கை ஒரு குரூப்பில் சேர்க்க ‘யூசர்மோட் -ஏஜி’ என்று எழுத வேண்டும், சின்ன ஏ, பெரிய ஜி. நான் அவசரத்தில் ஏ-யை விட்டுவிட்டேன். ஏ இல்லாவிட்டால் அது ‘இதோடு சேர்’ என்று புரிந்துகொள்ளாது, ‘இது மட்டும்தான் இனி’ என்று புரிந்துகொள்ளும். என்னுடைய சொந்தக் கணக்கு சூடோ குரூப்பில் இருந்து வெளியே போய்விட்டது. புதிதாக எஸ்எஸ்எச் செய்து வந்தால் சூடோ மறுக்கிறது. நல்லவேளை, இன்னொரு ஜன்னலில் காலையில் திறந்த ஷெல் ஒன்று மூடாமல் கிடந்தது. அதன் மடியில் சூடோ குரூப் இன்னும் இருந்தது. அதிலிருந்தே என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து குரூப் மாற்றும்போது ஒரு பழைய ஷெல்லை மூடாமல் வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது.

என்எஃப்எஸ் பற்றி இன்னொன்று. வழக்கமான ‘ஆத்-சிஸ்’ முறையில் ஒரு கோரிக்கையோடு கூடுதல் குரூப்புகளில் 16 மட்டுமே போகும். லினக்ஸ் கெர்னல் 2.6.4-இல் இருந்து ஒரு ப்ராசஸுக்கு 65,536 குரூப் வரை அனுமதிக்கிறது, அதனால் உள்ளூர் டிஸ்கில் எல்லாம் சரியாக இருக்கும். 20 குரூப்பில் இருப்பவருக்கு என்எஃப்எஸ் டைரக்டரியில் மட்டும் சில ஃபைல்கள் திறக்காது. எது திறக்காது என்பது அந்தக் குரூப் வரிசையில் எத்தனையாவதாக நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சர்வர் பக்கம் என்எஃப்எஸ் இணைப்புகளைக் கவனிக்கும் மவுண்ட்டிக்கு ‘மேனேஜ்-ஜிஐடிஸ்’ ஆப்ஷன் கொடுத்தால் சர்வரே பட்டியலைத் தேடிக்கொள்ளும்.

ஃபைலின் பெர்மிஷனை மட்டும் பார்ப்பதும் போதாது. அதுவரை போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் ‘எக்ஸ்’ பிட் வேண்டும். டைரக்டரியில் ‘ஆர்’ என்பது உள்ளே என்னென்ன பெயர் இருக்கிறது என்று பார்க்க, ‘எக்ஸ்’ என்பது அதைக் கடந்து போக. உபுண்டு 21.04 வந்ததிலிருந்து புதிதாக உருவாக்கும் ஹோம் டைரக்டரிகள் 0750. அதற்கு முன் 0755. பழைய சர்வரில் ஹோமுக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்த சர்வீஸ், புதிய சர்வருக்கு மாற்றியவுடன் நிற்பதற்கு இதுவே போதும். ‘நேம்ஐ -எல் பாதை’ என்று தட்டினால் வேரிலிருந்து ஃபைல் வரை ஒவ்வொரு படியின் பெர்மிஷனும் உரிமையாளரும் வரிசையாக வரும். ஒரு கட்டளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்கிரிப்டின் எழுத்துமுறையில் இரண்டு மூன்று பள்ளங்கள். மேற்கோள் குறி இல்லாமல் ‘[ -ஆர் $ஃபைல் ]’ என்று எழுதி, மாறி காலியாக இருந்தால், ஷெல்லுக்கு மிஞ்சுவது ‘[ -ஆர் ]’ மட்டும். அதை அது ‘ஏதோ ஒரு சரம் இருக்கிறது, காலி இல்லை’ என்று எடுத்துக்கொண்டு ஆமாம் சொல்லும். ஃபைலே இல்லாமல் ‘ஓகே’ வாங்கலாம். மேற்கோள் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. பாஷில் டெஸ்டுக்குப் பெரிய ஜி ஆப்ஷன் ஒன்று உண்டு. நான் இந்த ஃபைலின் குரூப்பில் இருக்கிறேனா என்று அது சொல்லும் என நினைப்பவர்கள் உண்டு. ப்ராசஸின் நடப்புக் குரூப் ஒன்றை மட்டும்தான் அது ஒப்பிடுகிறது, கூடுதல் குரூப்புகளைப் பார்ப்பதில்லை. ‘ஸ்டாட் -சி’ கொண்டு எண்ணாக பெர்மிஷன் எடுத்தால் 640 என்றுதான் வரும். அதை 0640 என்ற சரத்தோடு ஒப்பிட்டால் என்றுமே பொருந்தாது. சிம்லிங்க் என்றால் லிங்க்கின் 777-ஐக் கொடுத்துவிடும், பெரிய எல் சேர்த்தால்தான் அது சுட்டும் ஃபைலுக்குப் போகும்.

இப்போது உங்கள் ஃபைல்கள். டைரக்டரியை 2770 என்று வைத்து (முன்னால் உள்ள 2தான் செட்ஜிஐடி பிட், உள்ளே பிறக்கும் ஃபைலுக்கு டைரக்டரியின் குரூப்பையே கொடுப்பது), குரூப் டெவ் என்று கொடுத்து, உள்ளே பிறக்கும் ஃபைல் எல்லாம் டெவ் குரூப்பில் பிறக்கும் என்று நம்பியிருப்பீர்கள். பிறக்கும் ஃபைலுக்கு அது சரி. ஆனால் நாள்தோறும் ஃபைல் போடுகிற ஸ்கிரிப்ட் எப்படிப் போடுகிறது? பெரும்பாலும் ‘எம்கேடெம்ப்’ கொண்டு /டெம்ப்பில் தற்காலிக ஃபைல் செய்து, எழுதி முடித்ததும் ‘எம்வி’ கொண்டு நகர்த்தும். எம்கேடெம்ப் செய்யும் ஃபைல் எப்போதும் 0600. எம்வி பழைய பெர்மிஷனையும் பழைய குரூப்பையும் அப்படியே தூக்கிக்கொண்டு வரும், டைரக்டரியின் செட்ஜிஐடி பிட் அதைத் தொடாது. அதனால் கையால் உருவாக்கிச் சோதித்த ஃபைல் திறக்கும், இரவில் வந்து விழுந்தது திறக்காது. எம்வி இருக்கும் இடத்தில் ‘இன்ஸ்டால் -எம் 0640 -ஜி டெவ்’ என்று மாற்றினால் பெர்மிஷனும் குரூப்பும் நாம் சொன்னபடி அமையும்.

ஏற்கெனவே தப்பாக விழுந்தவற்றைக் கண்டுபிடிக்க, பிட்டுகளைப் பார்ப்பதுதான் சரியான வேலை. அதற்கு ‘ஃபைண்ட்’ இருக்கிறது, எல்எஸ் வேண்டாம். ‘ஃபைண்ட் /எஸ்ஆர்வி/அறிக்கை -டைப் எஃப் ! -பெர்ம் -040’ என்றால் குரூப்புக்குப் படிக்கும் பிட் இல்லாதவை எல்லாம் வரும். ‘! -குரூப் டெவ்’ என்றால் வேறு குரூப்பில் கிடப்பவை. ‘-பெர்ம் -002’ என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து கிடப்பவை, இதை வாரம் ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

ஆக க்ரான் ஸ்கிரிப்டை இப்படி மாற்றுங்கள். முதலில் ‘சூடோ -யு ரிப்போர்ட் ட்ரூ’. அது தேறினால், ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘சூடோ -யு ரிப்போர்ட் டெஸ்ட் -ஆர்’. பிறகு சர்வீஸின் பிஐடியை எடுத்து அதன் ஸ்டேட்டஸில் டெவ்வின் எண் இருக்கிறதா என்ற சோதனை. எது தோற்றாலும் அந்த ஃபைலுக்கு நேம்ஐ, கெட்ஃபேசிஎல் இரண்டின் வெளியீட்டையும் லாக்கில் எழுதச் சொல்லுங்கள், காலையில் வந்து தேட வேண்டியதில்லை. சர்வீஸ் ப்ரோகிராமை நீங்களே எழுதியிருந்தால், அது இந்தச் சோதனையை நம்பி இருக்கக் கூடாது. சோதித்த நொடிக்கும் திறக்கும் நொடிக்கும் நடுவில் ஃபைல் மாறலாம். நேராகத் திறந்து பார்த்து, தோற்றால் காரணத்தை எழுத வேண்டும்.

மூன்று சோதனையும் தேறி, சர்வீஸ் மட்டும் இன்னும் மறுத்தால், உபுண்டுவில் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அடுக்கு. அதன் கட்டுப்பாடு அந்தக் குறிப்பிட்ட ப்ரோகிராமின் மேல் விழுகிறது, கணக்கின் மேல் அல்ல. அதனால்தான் சூடோ போட்டு ஓட்டிய டெஸ்ட் தப்பித்துவிடும். ‘ஜர்னல்சிடிஎல் -கே’ வெளியீட்டில் ‘டினைட்’ என்று, முழுவதும் பெரிய எழுத்தில், தேடுங்கள், எந்த ப்ரோகிராம் எந்தப் பாதையில் மாட்டியது என்று அந்த வரியிலேயே இருக்கும்.